நிதாலின் நரம்புக்கு ஒரு மீன்தொட்டி

கஸ்வான் மீன்தொட்டியைக் கொண்டுவந்து இறக்கிய நேரத்தில் நிதால் கூடத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய்க்குக் காம்பு சீவிக்கொண்டிருந்தாள். டாக்ஸிக்காரன் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். கதவு நிலையில் ஒருமுறை இடித்து, ஒருவரையொருவர் திட்டி, ஒருவழியாக அந்தக் கண்ணாடிப் பெட்டியை ஜன்னலோர மேஜைமேல் வைத்தார்கள். டாக்ஸிக்காரன் போனபின் கஸ்வான் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, கோட்டை பிடித்தவன்போல் நின்றான்.

“இது என்ன, அபூ ஷஹத்?” மகள் ஷஹத்தின் பெயரால், ‘ஷஹத்தின் அப்பா’ என்றுதான் அவள் புருஷனைக் கூப்பிடுவாள்.

“மீன்தொட்டி. உனக்குத்தான். டாக்டர் ஃபாரிஸ் சொன்னாரு. மீன் நீந்துறதைப் பார்த்துக்கிட்டே இருந்தா நரம்பு தானா அடங்குமாம்.”

நிதால் கத்தியைத் தட்டில் வைத்தாள். “என் நரம்புக்கு என்ன கேடு?”

“பார்த்தியா? இதைத்தான் சொல்றேன். ஒண்ணு கேட்டா உடனே சீறுறே.”

சீறாமல் என்ன செய்வாள்? பாக்தாத் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அவள் வேதியியல் எடுக்கத் தொடங்கியபோது ஷஹத் பிறந்திருக்கவில்லை. இப்போது ஷஹத் கல்யாணமாகி எர்பிலில் இருக்கிறாள். இத்தனை வருடத்தில் நான்கு தலைமையாசிரியைகள் வந்து போனார்கள். ஐந்தாவது நாற்காலி நிதாலுக்குத்தான் என்று பள்ளியின் காவலாளிக்குக்கூடத் தெரியும். கோடை விடுமுறையில் கல்வி அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. அதில் வேறொரு பெண்ணின் பெயர் இருந்தது. அந்தப் பெண் வேறு பகுதியைச் சேர்ந்தவள், நிதாலைவிடப் பத்து வயது இளையவள். காரணம் கேட்டால் யாரும் வாயைத் திறக்கவில்லை. அலுவலகத்தில் இருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்தக் கோடை முழுதும் அந்த வீட்டில் கதவுகள் சாத்தப்பட்டதில்லை, அறையப்பட்டன. சோறு அடிப்பிடித்தது. ஒருநாள் பானை மூடி சுவரில் பட்டுச் சுண்ணாம்பு உதிர்ந்தது. கஸ்வானின் தங்கை ஹனா வரும்போதெல்லாம், காய்ச்சல்காரக் குழந்தையிடம் பேசுவதுபோல் மெல்லப் பேசினாள். “நீ படுத்துக்கோ, நான் டீ போடறேன்” என்பாள். எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்த்த மாதிரி இருக்கும் நிதாலுக்கு. தன்னிடம் எல்லாரும் ஏன் இப்படிக் குசுகுசுக்கிறார்கள் என்பது அவளுக்கு விளங்கவே இல்லை.

இந்த நிலையில்தான் தொட்டி வந்தது.

மறுநாள் கஸ்வான் குழாயைத் திறந்து தொட்டியை நிரப்பினான். ஒரு பிளாஸ்டிக் பையில் தங்கமீன்களும் வாங்கி வந்திருந்தான்.

“போடாதே” என்றாள் நிதால். “குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கு. தொட்டியும் புதுசு, தண்ணி இன்னும் பழகல.”

“மீனுக்குத் தண்ணி வேணும். தண்ணி இருக்கு. இதுக்கும் பாடம் நடத்தணுமா?” என்று பையைக் கவிழ்த்தான்.

இரண்டு நாளில் எல்லாமே வயிற்றைக் காட்டி மிதந்தன. கஸ்வான் எட்டிப்பார்த்து, “ஆயுசு அவ்வளவுதான், என்ன பண்றது” என்றான்.

“ஆயுசு இல்ல. நீ. சொன்னதைக் கேக்காம நீதான் கொன்னே.”

செத்த மீன்களை எடுத்துப் புதைத்துவிட்டு வந்தவள், தொட்டியை முழுதும் காலிசெய்தாள். பரிவினால் செய்தாள் என்று சொன்னால் பொய். ஒரு வேலையைச் சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்று அந்த மனிதனுக்குக் காட்டவேண்டும் என்ற ஆத்திரத்தில் செய்தாள். ஜன்னலோரம் வெயில் விழும், பாசி பிடிக்கும் என்று மேஜையை உள்சுவர்ப் பக்கம் இழுத்துப்போட்டாள். கல்லும் மணலுமாக ஒரு மூட்டை வாங்கி, முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்து அலசினாள். அலச அலசச் சேறு வந்தது. அலுவலகத்து மனிதர்களை, புதிய தலைமையாசிரியையை, டாக்டர் ஃபாரிஸை, ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டு அலசினாள். கை சிவந்தது. கடைசியில் தண்ணீர் தெளிந்தது.

வாளிகளில் தண்ணீரைத் திறந்து வைத்துக் குளோரின் போகவிட்டாள். காற்று பம்பும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் பொருத்தினாள். அரசாங்க மின்சாரம் போய், தெரு ஜெனரேட்டர்காரன் இழுத்து விடுகிறவரைக்கும் பம்ப் நின்றுபோகுமே என்று பேட்டரியில் ஓடும் ஒன்றும் வாங்கி வைத்தாள். அதன்பின் மீனே இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டுவந்தாள். தீனி அழுகும், அம்மோனியா ஏறும், அதைத் தின்கிற பாக்டீரியா மெல்லமெல்ல ஸ்பாஞ்சில் குடியேறும். அது குடியேறுகிறவரை எந்த மீனைப் போட்டாலும் அது தன் கழிவிலேயே வெந்து சாகும். தினமும் சோதனைக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டுவிட்டு, நிறத்தைப் பார்த்தாள்.

ஹனா வந்து பார்த்தாள். தலையைச் சாய்த்து, அதே இளகிய குரலில், “மீன் எங்க, கண்ணு?” என்று கேட்டாள்.

“இன்னும் வரல.”

“வெறும் தண்ணிக்கா தீனி போடறே?” கேட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் கண்ணாலேயே ஏதோ பதில் சொன்னான். நிதாலுக்கு அந்தப் பார்வை முள்ளாய்க் குத்தியது.

வாரங்கள் போயின. சோதனைக் குழாயில் மஞ்சளாக இருந்தது அம்மோனியா ஏறப் பச்சையானது, அது குறையக் குறையப் பச்சை திரும்ப மஞ்சளானது. ஒருநாள் பள்ளிவிட்டு வந்து சொட்டுவிட்டுப் பார்த்தபோது அம்மோனியா அறவே இல்லை. கோடைக்குப்பின் முதன்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. “அபூ ஷஹத், தண்ணி தயார்” என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். கஸ்வானும் மகிழ்ந்துபோனான். “வெள்ளிக்கிழமை லீவுதானே, ஸூக் அல்-கஸ்ல் பிராணிச் சந்தைக்குப் போவோம். ரெண்டு பேருமே போவோம்” என்றான். அன்று இரவு அவள் அவனுக்குப் பிடித்த டோல்மா செய்தாள். அதை நினைத்து நினைத்துப் பின்னால் பல்லைக் கடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை சந்தையில் தோளுக்குத் தோள் கூட்டம். புறாக் கூண்டுகள், நாய்க்குட்டிகள், கோழிகளின் கூச்சல் எல்லாம் தாண்டி மீன் விற்கும் சந்துக்குள் நுழைந்தார்கள். அபூ சஜ்ஜாத் என்ற பெருத்த ஆள் வரிசையாகத் தொட்டிகளை அடுக்கி வைத்திருந்தான்.

“வாங்க ஹஜ்ஜியா! என்ன மீன் வேணும்?”

“நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகல. மீனைக் காட்டு.”

“சரி உஸ்தாதா, கோபப்படாதீங்க. இந்த நியான் மீனைப் பாருங்க, நகைக்கடை மாதிரி மின்னுது.”

“நம்ம ஊர்த் தண்ணி உப்பும் சுண்ணாம்பும். இது உப்பு ஏறாத தண்ணியில வாழ்ற மீன். என் வீட்டுல எத்தனை நாள் தாங்கும்?”

“தண்ணி எல்லாம் ஒரே தண்ணிதான், கண்ணு.”

“அப்போ நீ வித்துக் காசு பார்ப்பே, நான் மீன் சாகறதை வேடிக்கை பார்க்கணுமா? மோலி இருக்கா?”

மோலி இருந்தது. கறுப்பு வெல்வெட்டுத் துணியை வெட்டிவிட்ட மாதிரி. மோசமான தண்ணீரிலும் பிழைக்கும், உப்பும் சுண்ணாம்பும் அதற்குப் பழக்கம். நிதால் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். துடுப்பை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு மூலையில் தொங்கியதை விட்டாள். வாலில் வெள்ளைப் புள்ளி இருந்ததை விட்டாள். “கொஞ்சம் தீனி போடு, எது பாய்ஞ்சு வருதுன்னு பார்க்கணும்” என்றாள். “மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி பார்க்கறீங்களே” என்று முனகிக்கொண்டே அபூ சஜ்ஜாத் தூவினான். ஆண் குறைவாகவும் பெண் அதிகமாகவும் எடுக்கச் சொன்னாள். இல்லாவிட்டால் ஆண்கள் பெண்களைத் துரத்தியே கொல்லும். கூடக் கொஞ்சம் கப்பி மீன், அடியில் மேய நாலைந்து குட்டிக் கெளுத்தி.

கஸ்வானுக்கு இதெல்லாம் சப்பென்றிருந்தது. பக்கத்துக் கடையில் கறுப்பும் ஆரஞ்சுமாய் ஒரு ஆஸ்கர் நீந்திக்கொண்டிருந்தது. “இங்க வந்து பாரு! இதுதான் மீன்! நாய் மாதிரி எஜமானை அடையாளம் கண்டுக்குமாம்.”

“முழங்கை நீளம் வளரும். நம்ம தொட்டியில திரும்பக்கூட இடம் இருக்காது. மத்ததையெல்லாம் விழுங்கிடும்.”

“எதைச் சொன்னாலும் உனக்கு ஒரு குறை” என்று அவன் அந்தக் கடைக்கே போய்ப் பேரம் பேச ஆரம்பித்தான்.

அப்போதுதான் யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பினால் விதாத். கல்வி அலுவலகத்தில் நியமனப் பிரிவில் இருந்தவள், கோடையில் ஓய்வு பெற்றவள். கையில் கேனரிக் குருவிக்கான தினைப் பொட்டலம்.

“ஸித் நிதால்! அல்லாவுக்குப் புகழ்! வெளிய வர்ற அளவுக்குத் தேறிட்டே. இப்போ எப்படி இருக்கு?”

“எனக்கு என்ன? நல்லாத்தான் இருக்கேன்.”

“மறைக்க வேண்டாம். நரம்புத் தளர்ச்சி யாருக்கும் வரும், வெட்கப்பட ஒண்ணுமில்ல. நாங்க எல்லாரும் உனக்காக துஆ பண்ணினோம். உன் பேரை முதல்ல வெச்சிருந்தோம், தெரியுமா? உன் வீட்டுக்காரர் வந்து சொன்னப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு.”

நிதாலின் காதில் சந்தையின் சத்தமெல்லாம் அடங்கிப்போனது. “என்ன சொன்னாரு?”

விதாத்தின் முகம் மாறியது. வேண்டாத இடத்தில் காலை வைத்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நிதால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“விதாத், சொல்லு.”

“உனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல, சின்ன விஷயத்துக்கும் கத்தறே, டாக்டர்கிட்ட காட்டிட்டு இருக்கோம், பொறுப்பு குடுத்தா தாங்க மாட்டே, தயவுசெஞ்சு பேரை எடுத்துடுங்க, அவகிட்ட சொல்லாதீங்க, மனசு உடைஞ்சிடுவான்னு… உத்தரவு வர்றதுக்கு முன்னாடி வந்தாரு. நிதால், உனக்குத் தெரியாதா?”

உத்தரவு வருவதற்கு முன்னால். அதாவது அவள் ஒரு கதவையும் அறையாத நாளில். முதலில் பைத்தியம் என்று சொல்லிவிட்டு, பிறகு அவளைப் பைத்தியமாக்கி, அதற்கு மருந்தாகக் கண்ணாடித் தொட்டி வாங்கிவந்திருக்கிறான். ஹனாவின் இளகிய குரலும், அலுவலகத்து டீயும் நாற்காலியும், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவள் முகத்தில் வந்து அறைந்தன.

கஸ்வான் ஆஸ்கர் நீந்தும் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தான். விதாத்தைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

“எனக்கு நரம்புத் தளர்ச்சியா, கஸ்வான்?”

அபூ ஷஹத் என்று கூப்பிடவில்லை. வெறும் கஸ்வான். அவனுக்கே அது உறைத்தது.

“வீட்டுல பேசிக்கலாம். மெதுவா பேசு, ஜனங்க பார்க்கறாங்க.”

“பார்க்கட்டும்! நரம்புத் தளர்ச்சிக்காரி எப்படி இருப்பான்னு எல்லாரும் வந்து பார்க்கட்டும்! நீ ஊர்பூரா சொல்லிட்டு வந்தியே, அவங்க பார்க்க வேண்டாமா?”

சந்து முழுதும் திரும்பியது. அபூ சஜ்ஜாத் வலையைக் கீழே போட்டுவிட்டு நடுவே வந்தான். “உஸ்தாதா, உஸ்தாதா, ஷைத்தானைச் சபிச்சிட்டு அமைதியாகுங்க.”

“எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்? இதோ பக்கத்துலயே நிக்கறான், கையில மீன் பையோட!”

யாரோ சிரித்தார்கள். கஸ்வான் காதுவரை சிவந்தான். “உன் நல்லதுக்குத்தான் பண்ணினேன்” என்றான். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. நிதால் அவன் கையிலிருந்த பையைப் பிடுங்கி, பக்கத்துக் கடைக்காரனிடம் நீட்டினாள். “இதை எடுத்துத் தொட்டியில விடு. இந்த மனுஷனை நம்பி ஒரு ஜீவனையும் குடுக்காதே.” பிறகு அபூ சஜ்ஜாத்திடம் திரும்பி, “என் மீனைக் கட்டு. பையில காத்து நிறைய விடு” என்றாள். தான் தேர்ந்தெடுத்ததை ஒன்றுவிடாமல் சரிபார்த்து வாங்கிக்கொண்டு, புருஷனை அங்கேயே விட்டுவிட்டு டாக்ஸி பிடித்தாள்.

அவன் வீட்டுக்கு வந்தபோது மீன் பைகள் தொட்டித் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. நிதால் ஒரு டீக் குவளையை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். பைக்குள்ளிருக்கும் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் சூட்டில் ஒன்றாகவேண்டும். அதற்குப்பின் கொஞ்சங்கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் விட்டுப் பழக்கவேண்டும். அவசரப்பட்டால் அதிர்ச்சியிலேயே சாகும்.

“உட்காரு” என்றாள். “இப்போ உண்மையைச் சொல்லு. என் நல்லதுக்குன்னு இன்னொரு தடவை சொன்னே, இந்தக் குவளை உன் மண்டையில உடையும்.”

அவன் உட்கார்ந்தான். “நீ ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனா வீட்டுல யாரு இருப்பா…”

“பொய்.” ஒரு குவளைத் தண்ணீரை மோலிப் பைக்குள் மெதுவாக விட்டாள். “ஷஹத் கல்யாணமாகிப் போயாச்சு. வீட்டுல பார்த்துக்க யாரு இருக்கா? அடுத்தது சொல்லு.”

“உன் உடம்பு…”

“பொய்.” கப்பிப் பைக்கு ஒரு குவளை.

திடீரென்று அவனும் கத்தினான். “இத்தனை வருஷமா நான் அதே மேஜையில உட்கார்ந்திருக்கேன்! எனக்குப் பின்னாடி வந்தவனெல்லாம் எனக்கு மேல போயிட்டான்! ஆபீஸ்ல என்ன சொல்லுவாங்க தெரியுமா? ‘ஹெட்மிஸ்ட்ரஸ் வீட்டுக்காரர் வந்துட்டாரு, எழுந்திருங்கடா’ன்னு. உன் பேர் அடிபட்டப்பவே ஜாஸிம் அப்படிச் சொல்லிட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. நான் என்ன, உன் பையைத் தூக்கிட்டு வர்றவனா?”

நிதால் குவளையை வைத்தாள். அவன் தலைமுடி எவ்வளவு நரைத்துவிட்டது என்று அப்போது கண்ணில் பட்டது. இரக்கம் வந்துவிடுமோ என்று ஒரு கணம் பயந்தாள். வரவில்லை.

“ஜாஸிம் ஒரு வார்த்தை சொன்னதுக்கு நீ என் இருபத்தஞ்சு வருஷத்தைத் தூக்கிக் குப்பையில போட்டே. உனக்கு வெட்கமா இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். என் புத்தியையே திருடினே. கோடைமுழுக்க எனக்கே சந்தேகம், எனக்கு நிஜமாவே ஏதோ ஆயிடுச்சோன்னு. ராத்திரியில குரானைக் கையில வெச்சுக்கிட்டு அழுதிருக்கேன். நீ பக்கத்துல படுத்துத் தூங்கினே.”

அவள் பைகளைத் திறந்து, தண்ணீர் சேராமல் மீன்களை மட்டும் வலையால் அள்ளித் தொட்டியில் விட்டாள். மோலிகள் ஒருகணம் திகைத்து நின்றன. பிறகு கல்லைக் கொத்த ஆரம்பித்தன. அவ்வளவு ஆத்திரத்திலும் அவள் கை ஒரு மீனைக்கூட நோகவைக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை ஆபீஸ் திறந்ததும் என்கூட வர்றே” என்றாள். “எங்கெங்க போய் என் புத்தி சரியில்லைன்னு சொன்னியோ, அங்கெல்லாம் போய், அது பொய்னு உன் வாயால சொல்லப்போறே. முதல்ல ஆபீஸ். அப்புறம் ஹனா.”

“அவமானம்…”

“ஆமா. இப்போ உன்னோடது.”

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். நியமனங்களைப் பார்க்கும் உஸ்தாத் மாஜித் அவளைக் கண்டதும் வழக்கம்போல் நாற்காலி போடச் சொன்னார். நிதால் உட்காரவில்லை. கஸ்வானைப் பார்த்தாள். அவன் கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, மேஜையைப் பார்த்துச் சொன்னான். “நான் அன்னைக்குச் சொன்னது உண்மையில்ல. இவ நல்லாத்தான் இருந்தா. நான்தான்… பொய் சொன்னேன்.”

அறையிலிருந்த குமாஸ்தாக்கள் பேனாவை நிறுத்தினார்கள்.

மாஜித் இருமினார். “சரி, சரி. இதெல்லாம் குடும்ப விஷயம், ஸித் நிதால். வீட்டுக்குள்ளயே பேசித் தீர்த்துக்கறது நல்லது.”

“இவர் வீட்டுக்குள்ள பேசல, உஸ்தாத். இங்க வந்து பேசினார். இங்கதான் தீரணும். அதுவும் இருக்கட்டும். எனக்கு உடம்பு சரியில்லைன்னு என் வீட்டுக்காரர் வந்து சொன்னப்போ, எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டீங்களா?”

“ஒரு புருஷன் வந்து கண்கலங்கிச் சொல்லும்போது நம்பாம எப்படி…”

“எனக்கு வாய் இருந்துச்சு. அன்னைக்கும் இருந்துச்சு.”

மாஜித் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நாற்காலியை இனித் திரும்ப வாங்க முடியாது, அங்கே உட்கார்ந்தவள்மேல் குற்றமும் இல்லை என்றார். அது நிதாலுக்கும் தெரியும். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று இழுத்தார். அவள் நகரவில்லை. கடைசியில், தப்பித்தால் போதும் என்ற குரலில் சொன்னார்: “தியாலா பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளியில தலைமையாசிரியை இடம் காலியா இருக்கு. காலையில ஒரு ஷிஃப்ட், மதியம் ஒரு ஷிஃப்ட். கூரை ஒழுகுது. யாரும் போகமாட்டேங்கறாங்க. உங்க வயசுக்கு நான் சொல்லமாட்டேன்…”

“போறேன்.”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“கோடைபூரா யோசிச்சாச்சு.”

வெளியே வந்ததும் கஸ்வான், “அவ்வளவு தூரம் எப்படிப் போவே? ரோடு மோசம், பஸ் கிடையாது” என்றான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹனா வீட்டுக்கு அவனைத் தனியாகவே அனுப்பினாள். அன்று மாலை ஹனா போன் பண்ணி அழுதாள். “எனக்குத் தெரியாது, நிதால், சத்தியமா தெரியாது.” “சரி. இனிமே சாதாரணமா பேசு” என்றாள் நிதால்.

புருஷனை விட்டுப் போகவில்லை அவள். ஏன் என்று அவளுடைய தோழிகளும் கேட்டார்கள், ஷஹத்தும் கேட்டாள். “அந்த வீடு பாதி என்னோடது, நான் எதுக்குப் போகணும்?” என்று பதில் சொன்னாள். அவனுக்கு டீ போடுவதை நிறுத்தினாள். அவன் தானே போட்டுக்குடிக்கக் கற்றுக்கொண்டான். ஏலக்காய் எப்போதும் அதிகமாகிவிடும். ஒருநாள் தயங்கித் தயங்கி, “கோபம் போயிடுச்சா?” என்று கேட்டான். “இல்ல” என்றாள். அதன்பின் அவன் கேட்கவில்லை.

புதிய பள்ளியில் ஆய்வகம் என்ற அறையில் குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை. கூரைக்கு ஆள் அனுப்புகிறேன் என்ற ஒப்பந்தக்காரன் மூன்றாவது தடவையாக ஏமாற்றியபின் அவனை நேரில் வரவழைத்து, இரண்டு ஷிஃப்ட் பெண்களும் கேட்கும்படி நிதால் விளாசிக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. கஸ்வான்.

“நிதால்! மோலி குட்டி போட்டிருக்கு! கல்லுக்கு அடியிலெல்லாம் புள்ளி புள்ளியா ஓடுது! பெரியது துரத்தித் துரத்தி முழுங்குது. நான் என்ன பண்ணட்டும்? சீக்கிரம் சொல்லு!”

“பாசிச் செடி வாங்கிப் போடு, ஒளிஞ்சுக்கும். இல்லேன்னா வலையால தனியா எடு. மெதுவா எடு.”

“எடுத்து எதுல விடறது? குழாய்த் தண்ணியா? வாளித் தண்ணியா? நீ எப்போ வருவே?”

“கஸ்வான், நான் இங்க பள்ளிக்கூடம் நடத்திட்டு இருக்கேன்” என்று சொல்லி நிதால் போனை வைத்தாள். பிறகு ஒப்பந்தக்காரன் பக்கம் திரும்பினாள். “ம், எங்க விட்டேன்? கூரை.”